ரெண்டாவது கன்ட்ரோலர்

ரிச்சி தெருவில் ஆறாயிரத்து இருநூறுக்கு வாங்கியது.
ஏதோ ஒரு பேங்க் கழித்துக்கட்டிய லேப்டாப்,
மூடியில் சொத்து எண் ஒட்டியிருந்த தடம்
இன்னும் விரலில் பிசுபிசுக்கிறது.
நாலு ஜிபி. அதற்கு மேல் கேட்டால் மூச்சு வாங்கும்.
'பழைய கேம் ஆடவா மேடம்? பையனுக்கா?' என்றார் மீரான்.
எனக்கு என்றேன்.
பில் எழுதக் குனிந்துகொண்டார்.

டில்லிபாபு விண்டோஸ் கட்சி.
'ஊர்ல எல்லாரும் வெச்சிருக்கறது அதான்.
மக்கர் பண்ணா நாலு பேரு பார்ப்பான்.'
வாஸ்தவம்.
ஆனால் அந்தக் குட்டி மனிதன்
பள்ளத்து விளிம்பில் கால் வைக்கும் நேரம் பார்த்து
அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள் என்கிறது.
இருபத்தேழு சதவீதம்.
அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வந்தேன்.
இருபத்தெட்டு.

மீரான் போட்டுக்கொடுத்தது லினக்ஸ்.
காசில்லை, சாது, தானாக எதுவும் கேட்பதில்லை.
பேசுவதும் இல்லை.
மூன்று இரவு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தோடு
மல்லுக்கட்டினேன்.
ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்.
ஒன்றேமுக்கால் மணிக்கு அது வாய் திறந்தபோது
கீழ் வீட்டு நாய் பதில் சொன்னது.

மூன்றாவதற்கு
வாயில் நுழைகிற பெயர்கூட இல்லை.
பென்டிரைவிலிருந்தே எழுந்திருக்கும்.
டெஸ்க்டாப் கிடையாது, பிரவுசர் கிடையாது,
குப்பைத்தொட்டிகூடக் கிடையாது.
திறந்தால் ஆட்டம். மூடினால் இருட்டு.

கீழ்ப்பாக்கத்தில் ஈசிஜி எடுப்பவள் நான்.
நாளைக்கு நாற்பது மார்பு.
ஜெல்லி தடவி, கிளிப் மாட்டி,
'அசையாம படுங்க, பேசாதீங்க.'
மேலறை சொன்னதைக் கீழறை கேட்க எத்தனை நேரம் என்று
இளஞ்சிவப்புத் தாளில் எண்ணுகிற வேலை.
ஒரு சின்னக் கட்டம், நாற்பது மில்லிசெகண்ட்.

எனவே செல்போனை ஸ்லோமோஷனில் நிறுத்தி
என் கட்டைவிரலையும் திரையையும்
ஒன்றாகப் பிடித்தேன்.
அழுத்தியதற்கும் குதித்ததற்கும் நடுவே
விண்டோஸில் மூன்றரைக் கட்டம்.
லினக்ஸில் இரண்டரை.
பெயரில்லாததில் ஒன்றரை.

மனுஷ இதயத்துக்கு மூன்றரை நார்மல்.
குதிக்கிறவனுக்கு
மூன்றரை என்றால் பள்ளம்.

விண்டோஸை அழிக்கவில்லை. கரன்ட் பில் கட்ட வேண்டும்,
டில்லிபாபு வாடகை ரசீது அடிக்க வேண்டும்.
பெயரில்லாத பென்டிரைவில் மட்டும் மைக்ரோபோர் டேப் ஒட்டி
என் இனிஷியலை எழுதினேன்.

செட்டிங்கில் ஒரு கேள்வி வந்தது:
முதல் போர்ட்டில் யார்?

ஓட்டேரி வீட்டில் அது எப்போதும் வேதநாயகம்.
9999 ஆட்டம் என்று அச்சடித்த மஞ்சள் கேசட்டில்
நிஜமாக இருந்தது பதினொன்று.
அண்ணன் செத்தால்தான் என் முறை.
அவன் சாகவே மாட்டான்.
எட்டு மணிக்கு நியூஸ் பார்க்க அப்பா ஒயரைப் பிடுங்குவார்.
அந்த ரெண்டாவது கன்ட்ரோலரில்
ஸ்டார்ட் பட்டன்கூட இருக்காது.
கம்பெனிக்காரனே யோசித்துத்தான் செய்திருக்கிறான்.

நேற்று பதினொன்றரைக்குத் தெருவே அணைந்தது.
பேட்டரி இருபது நிமிஷம் தாங்கும்.
பென்டிரைவைச் சொருகினேன், ஒன்பது வினாடி.
காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு வந்த டில்லிபாபு
மற்ற ஜாய்ஸ்டிக்கை எடுத்தார்.
'நான் ஒண்ணா, ரெண்டா?'

ரெண்டு என்றேன்.

விசிறுவதை நிறுத்தி
முட்டிக்கால் இடிக்க உட்கார்ந்தார்.
கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில்
நான் எப்போது சாவேன் என்று
இத்தனை கவனமாக அவர் என்னைப் பார்த்ததில்லை.

நாலாவது பள்ளம்.
பேட்டரி ஆறு சதவீதம்.
அழுத்துகிறேன்.